பழைய லாரியின் சாவிப் பூட்டு: தேய்வைக் கண்டறிதலும் பழுது தீர்த்தலும்

சம்பா அறுவடை முடிந்து நெல் களத்திற் குவிந்து கிடக்கும் தை, மாசி மாதங்களில் அறந்தாங்கி வட்டாரத்து நிலச்சுவான்தார்களுக்கு ஓடக்கூடிய லாரி ஒன்று கைவசம் இருத்தல் மிகவும் அவசியம். கொள்முதல் நிலையத்தில் ஏற்கப்படும் நெல்லின் ஈரம் பொதுவாக நூற்றுக்கு 17 பங்குக்கு மேற்படலாகாது என்பது விதி. சில பருவங்களில் மட்டுமே அது தளர்த்தப்படுவதுண்டு. காய்ந்த நெல்லைக் காய்ந்தவாறே கொண்டு சேர்க்க வேண்டிய நாளில், மூட்டைகளை ஏற்றி முடித்தபின் சாவியைத் திருப்பினால் லாரி வாய் திறவாமல் நிற்குமாயின், இரவுப் பனிக்கும் எதிர்பாரா மழைக்கும் நெல் முழுவதும் இலக்காகின்றது. இவ்வாறு நிற்கும் பழைய லாரிகளிற் பலவற்றில் எஞ்சின் நல்ல நிலையிலேயே இருக்கும். தேய்ந்திருப்பது உள்ளங்கையில் அடங்கும் சாவிப் பூட்டொன்றே. அதை அறியாமல் பாட்டரியையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாற்றிப் பணத்தை விரயம் செய்வோர் பலர். ஆகையால் இப்பூட்டின் அமைப்பையும், அதன் தேய்வை வீட்டிலேயே சோதித்தறியும் முறையையும் இங்கு விவரிப்போம்.

நாம் பூட்டு என்று பொதுவாகச் சொல்வது மூன்று உறுப்புக்கள் சேர்ந்ததாகும். முதலாவது சாவி. இரண்டாவது, சாவி நுழையும் பித்தளை உருளை. மெக்கானிக்குகள் இதனைப் பேரல் என்பர். மூன்றாவது, உருளையின் பின்புறம் பொருத்தப்பட்டு மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் செய்யும் சுவிட்ச். இம்மூன்றும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. எது தேய்ந்தது என்று தெளிந்தபின் அதை மட்டும் சீர்செய்தால் சொற்பச் செலவில் வேலை முடியும்.

உருளையினுள் மெல்லிய பித்தளைத் தகடுகள் சில வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் மயிரிழை போன்ற ஸ்பிரிங் ஒன்று உண்டு. சாவி வெளியில் இருக்கும்போது தகடுகள் உருளையின் மேற்பரப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு, வெளிக்கூட்டின் பள்ளத்தில் மாட்டி, உருளையைச் சுழலவொட்டாமல் தடுக்கின்றன. பொருத்தமான சாவி நுழைந்ததும் அதன் வெட்டுக்கள் ஒவ்வொரு தகட்டையும் உரிய அளவுக்கு நகர்த்த, அனைத்தும் உருளையின் பரப்போடு சமமாகி விடுகின்றன, உருளை சுழல்கிறது. சாவியின் பல்லோ தகட்டின் விளிம்போ சிறிது தேய்ந்தாலும் ஏதேனும் ஒரு தகடு சமநிலைக்கு வராமல் துருத்தி நிற்கும். சாவியை ஆட்டியும் அசைத்தும் திருப்ப வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

ஆதியில் இவ்வேற்பாடு இல்லை. 1912-ஆம் வருஷத்தில் காடிலாக் மோட்டாரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்த பின்னும் அதை இயக்கக் காலால் மிதிக்கும் கட்டையோ தனிப் பொத்தானோ இருந்தது. சாவியைத் திருப்பியே எஞ்சினைக் கிளப்பும் முறையை அமெரிக்காவின் கிறைஸ்லர் கம்பெனியார் 1949-இல் தம் மோட்டார்களிற் கொண்டு வந்தனர். மிகப் பழைய லாரிகள் சிலவற்றில் இன்றும் தனிப் பொத்தான் இருப்பதுண்டு. அத்தகைய வண்டி கிளம்பாவிடிற் சாவிப் பூட்டோடு பொத்தானையும் சோதிக்க வேண்டும்.

டீசல் லாரி வைத்திருப்போர் ஒன்றை அவசியம் மனத்திற் கொள்ளல் வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் சாவியை மூடினால் தீப்பொறி நின்று எஞ்சினும் நிற்கும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. அழுத்தத்தின் சூட்டிலேயே எண்ணெய் எரிகிறது. ஆகவே பழைய டீசல் லாரிகளிற் சாவியை எடுத்த பின்னும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். டீசல் பம்பை மூடும் ஸ்டாப் கம்பியை இழுத்தால்தான் நிற்கும். பிற்காலத்து லாரிகள் பலவற்றில் அவ்வேலையைச் சாவியோடு இணைந்த மின்சார ஸ்டாப் கருவி செய்கிறது. நம்முடையது எவ்வகை என்பதை முதலில் தெரிந்துகொள்க. முதல் வகையில் சுவிட்ச் தேய்ந்தால் சிக்னல் விளக்கு, துடைப்பான், மீட்டர்கள், பாட்டரி சார்ஜ் ஆகியவை தடைப்படும். இரண்டாம் வகையில் ஓட்டத்தின் நடுவிலேயே எஞ்சின் நின்றுவிடக் கூடும்.

தேய்வுக்குக் காரணங்கள் பல. பதரும் களத்துத் தூசியும் சாவித் துவாரத்தில் அடைகின்றன. மணமேற்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் முதலிய கடற்கரை ஊர்களுக்கு உப்பும் மீனும் ஏற்றப் போய்வரும் லாரிகளில், உப்புக் காற்றினால் செம்பு, பித்தளை முனைகளிற் பச்சைக் களிம்பு பூக்கிறது. இவற்றைக் காட்டிலும் பெரிய சத்துரு சாவிக்கொத்தின் பாரமே. மோட்டார் செட்டுச் சாவி, கிடங்குச் சாவி, வீட்டுச் சாவி, போதாதற்குக் குலதெய்வத்தின் படம் பொறித்த பித்தளை வில்லை, யாவும் ஒரே வளையத்திற் கோக்கப்பட்டு, குண்டும் குழியுமான பாதையில் நாள் முழுதும் ஊசலாடுகின்றன. இது அற்ப விஷயமன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 2014-இல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தனர். சாவி சுவிட்சின் ஸ்பிரிங் பிடிப்பு போதாமையால், கொத்தின் பாரத்திலும் முழங்கால் பட்ட மாத்திரத்திலும் சாவி தானே திரும்பி, ஓட்டத்தில் எஞ்சின் நின்று, விபத்திற் காக்கும் காற்றுப் பைகளும் விரியாமற் போயின. இதனால் 124 பேர் மாண்டதாக நஷ்டஈட்டு நிதியினர் ஏற்றனர். புதிய கார்களின் கதியே இதுவெனில், பல்லாண்டு உழைத்த லாரியின் பிடிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. லாரிச் சாவியைத் தனியே வைத்துக்கொள்க.

இனிச் சோதனை முறை. பெட்டியிற் பத்திரமாக வைத்திருக்கும் இரண்டாம் சாவியை எடுத்துப் போட்டுப் பார்ப்பதே முதல் வேலை. அது இலகுவாகத் திரும்பினால் குற்றம் பழைய சாவியினுடையது. இவ்விடத்திற் பலரும் செய்யும் தவறு, தேய்ந்த சாவியையே மாதிரியாகக் கொடுத்துப் புதுச் சாவி வெட்டுவித்தல். அவ்வாறு வெட்டினால் தேய்வும் சேர்ந்தே நகலாகிறது. உபயோகியாத இரண்டாம் சாவியைக் கொண்டோ, உருளையின் மீதோ சாவியின் மீதோ பொறித்த எண் இருப்பின் அவ்வெண்ணைக் கொண்டோ வெட்டுவிக்க வேண்டும்.

இரு சாவிகளும் இடறுமாயின் உருளையே சந்தேகத்துக்குரியது. ஸ்டியரிங்கைப் பூட்டும் வகையானால், சக்கரத்தை இப்படியும் அப்படியும் சற்றுத் திருப்பிக்கொண்டே சாவியை முயல்க. சக்கரத்தின் இறுக்கத்தாலும் சாவி அசையாமற் போவதுண்டு, அது தேய்வு ஆகாது. எஞ்சின் ஓடும் நிலையில் சாவியை உருவினால் வெளியே வருமாயின், தேய்வு முற்றிவிட்டது என்று கொள்க.

சாவி எளிதாகத் திரும்பியும் லாரி கிளம்பாவிட்டால் சுவிட்சைச் சோதிக்க வேண்டும். சோதனை விளக்கு ஒன்று போதும். லாரியின் மின்சாரம் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதற்கேற்ற பல்பை எடுத்து, ஒரு கம்பியைச் சேஸியின் சுத்தமான இரும்பில் இணைத்து, மற்றொன்றால் சுவிட்சின் முனைகளைத் தொட வேண்டும். முனைகளில் எண்கள் இருப்பின் பொதுவாக 30 என்பது பாட்டரியிலிருந்து வருவது. 15 என்பது சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் மின்சாரம் பெறுவது. 50 என்பது ஸ்டார்ட்டருக்குச் செல்வது. 30-இல் விளக்கு எப்போதும் எரிதல் வேண்டும். அங்கேயே எரியாவிட்டால் குறை பாட்டரியிலோ, ஃபியூஸிலோ, கம்பியிலோ உள்ளது. அங்கு எரிந்து 15-இல் எரியாவிட்டாலும், சாவியை அசைக்கும்போது சிமிட்டினாலும், சுவிட்சின் உள்முனைகள் தேய்ந்தன. 50-இல் சாவியைத் திருப்பியபோது நன்கு எரிந்தும் ஸ்டார்ட்டர் சுழலாவிடிற் குறை அநேகமாகப் பூட்டுக்கு அப்பாற்பட்டது. சோலினாய்டு, பாட்டரி முனைகள், சேஸிக் கம்பி ஆகியவற்றை நோக்குக.

அநேகமாக என்றதற்குக் காரணம் உண்டு. பல்புக்குச் சொற்ப மின்சாரமே தேவை; கருகிய முனையும் அதைக் கடத்திவிடும். சோலினாய்டு கேட்கும் அளவைக் கடத்த மாட்டாது. வோல்ட் மீட்டர் இருந்தால் அதன் ஒரு முனையை 30-இலும் மற்றதை 50-இலும் வைத்து, சாவியை ஸ்டார்ட் நிலையிற் பிடித்திருக்கும்போது பார்க்க. அரை வோல்ட்டுக்கு மேற்படின் மின்சாரம் சுவிட்சுக்குள்ளேயே வீணாகிறது. இச்சோதனைகளின்போது கியர் நியூட்ரலிலும் கைப்பிரேக் இழுத்த நிலையிலும் சக்கரங்களுக்குக் கட்டை இட்டும் இருத்தல் இன்றியமையாதது.

மற்றொரு குறை ஓசையின்றிப் பெருநஷ்டம் விளைவிப்பது. எஞ்சின் கிளம்பியதும் கையை விட்டாற் சாவி தானே பின்வாங்க வேண்டும். திருப்பும் ஸ்பிரிங் தளர்ந்து அது அங்கேயே நின்றால், ஸ்டார்ட்டர் விடாமல் மின்சாரம் பெற்று வெந்து போகும். கையால் சாவியைப் பின்னுக்குத் திருப்பிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டும் டிரைவர்கள் உண்டு. ஒருநாள் மறந்தால் ஸ்டார்ட்டரின் விலை போயிற்று.

பழுது தீர்க்கும்போது முதலில் பாட்டரியிற் சேஸியோடு இணைந்த கேபிளைக் கழற்றுக. உருளை வெறும் தூசியால் இறுகியிருந்தால், காற்று ஊதிச் சுத்தம் செய்து கிராஃபைட்டுப் பொடியைச் சிறிது தூவிச் சாவியைப் பலமுறை நுழைத்து எடுத்தாற் போதும். எஞ்சின் எண்ணெயும் கிரீஸும் இடலாகாது. அன்றைக்கு இலகுவாயிருந்து, பின்னர்த் தூசியோடு கலந்து பிசினாகும். பென்சிற் கரியில் களிமண் கலந்திருப்பதால் அதைச் சுரண்டி இடுவதும் உத்தமமன்று.

உருளையைக் கழற்ற நேர்ந்தால், சாவியை உரிய நிலையில் வைத்து, கூட்டிலுள்ள சிறு துவாரத்தில் மெல்லிய கம்பியைச் செருகித் தாங்குமுளையை அழுத்தினால் பலவகைப் பூட்டுகளில் உருளை வழுகி வெளியே வரும். வெள்ளைத் துணியின் மீது வைத்தே இதைச் செய்க. ஸ்பிரிங் மண்ணில் விழுந்தால் கிடைப்பதரிது. நல்ல சாவியை உருளையில் நுழைத்து வெளிச்சத்திற் பார்த்தால் துருத்தி நிற்கும் தகடு கண்ணுக்குத் தெரியும். அதே அளவுள்ள தகட்டை மற்றொரு பழைய பூட்டிலிருந்து எடுத்து மாற்றுதல் நன்று. துருத்தும் தகடுகளை அரத்தால் ராவிச் சமமாக்கும் வழக்கமும் உண்டு. ஒன்றிரண்டைச் சிறிது ராவினாற் பாதகமில்லை, எல்லாவற்றையும் ராவினால் எந்தச் சாவிக்கும் திறக்கும் பூட்டாகிவிடும்.

சுவிட்ச் முனைகளின் களிம்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து நீக்கலாம். கருகிக் குழி விழுந்திருந்தால் சுவிட்சை மாற்றுவதே முறை. உருளை நன்றாயிருந்து சுவிட்ச் தனியே கழலும் வகையாயின் பழைய சாவியே தொடர்ந்து பயன்படும். புதிய சுவிட்ச் விரைவிற் கெடாதிருக்க, நடுவில் ஒரு ரிலே பொருத்துவது சாலச் சிறந்தது. சுவிட்சின் 50-ஐ ரிலேயின் 86-இலும், 85-ஐச் சேஸியிலும், பாட்டரியிலிருந்து ஃபியூஸ் வழி வரும் கம்பியை 30-இலும், சோலினாய்டுக் கம்பியை 87-இலும் இணைக்க வேண்டும். அதன்பின் பெரிய மின்சாரம் ரிலே வழியே செல்லும். சுவிட்சுக்குப் பாரம் குறையும். ரிலேயின் வோல்ட் லாரியின் வோல்ட்டுக்கு ஒத்திருத்தல் வேண்டும்.

பூட்டைச் சீர்செய்யாமற் கம்பிகளை வெளியே இழுத்து முறுக்கியோ, சோலினாய்டு முனைகளை ஸ்குரூ டிரைவரால் இணைத்தோ வண்டியைக் கிளப்பும் வழக்கம் கிராமங்களில் உண்டு. இது அறவே விலக்கத்தக்கது. கியரில் இருக்கும் லாரி அக்கணமே பாய்ந்து, கீழே குனிந்து நிற்பவன் மீதே ஏறும். மேலும் அறுவடைக் காலத்தில் நிறுத்திய லாரிகளிற் சிறுவர் ஏறி விளையாடுவதைக் காண்கிறோம். தொட்டாற் கிளம்பும் கம்பிகள் அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் தொங்கலாகாது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி, லைசென்ஸ் பெற்றவர் ஓட்டுநர் ஆசனத்தில் இல்லாதபோது, பொது இடத்தில் நிற்கும் வண்டி எஞ்சின் நிறுத்தப்பட்டு, பிரேக் இடப்பட்டு, அல்லது தற்செயலாக நகராதபடி பிற ஏற்பாடு செய்யப்பட்டு இருத்தல் வேண்டும். கொள்முதல் நிலையத்து வாயிலில் வரிசையாக லாரிகள் நிற்கும் நாட்களில், கிராம நிர்வாக அலுவலர்களும் நிலையப் பணியாளர்களும் சாவியின்றிக் கம்பியாற் கிளப்பும் வண்டியைக் கண்டால் உரியவரை அழைத்து எச்சரிப்பது உசிதம்.

முழுப் பூட்டையும் மாற்ற நேரிட்டால், கூடவே வரும் இரண்டு சாவிகளில் ஒன்றை அன்றைக்கே வீட்டிற் பத்திரப்படுத்தி, எண்ணைத் தனியே குறித்து வைக்கவும். லாரி களவு போனால் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியார் வழக்கமாக இரு சாவிகளையும் கேட்பர். கழற்றிய பழைய பூட்டை இரும்புக் கடைக்குப் போடாமல் ஒரு டப்பாவில் வைத்திருந்தால் அதன் தகடுகளும் ஸ்பிரிங்குகளும் அதே வகையான மற்றொரு லாரிக்கு உதவும்.