இலையின் மஞ்சளும் மண்ணின் இயல்பும்

பயிர் மஞ்சளித்தால் உடனே யூரியாவை அள்ளி வீசுவது நம்மவர் வழக்கம். எவ்விலை முதலில் மஞ்சளித்தது என்று குனிந்து நோக்குவார் சிலரே.

நைதரசன் பச்சையத்தின் ஓர் உறுப்பு. அது குறைவுறின், பயிர் முதிர்ந்த இலைகளிலுள்ளதைப் பிரித்தெடுத்து இளந்தளிருக்கு அனுப்பும். ஆதலின் அடியிலைகளே முதலில் வெளிறும். இரும்போ அவ்வாறு எளிதில் இடம்பெயராது. அது குறைந்தால் தளிர் வெளிற, நரம்புகள் மட்டும் பச்சையாய் நிற்கும்.

நைதரசன் குறைவின் விளைவை நாடே 2021இல் கண்டது. அவ்வாண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டது. கூட்டெரு நல்லதே, எனினும் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்த பின்னரே அதிலுள்ள நைதரசன் வேருக்கு எட்டும். கிளைத்துப் பெருகும் பருவத்து நெல் அதுவரை காத்திராது. நவம்பரில் தடை நீங்கியும் பலருடைய வயல்களுக்குப் பசளை உரிய காலத்தில் வந்து சேரவில்லை. 2021/22 பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது.

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணின் கதை வேறு. அந்நிறத்தைத் தருவதே இரும்பின் ஒட்சைட்டு. அடியிற் கிடப்பதோ சுண்ணாம்புக்கல். சுண்ணாம்பு மிகுந்து காரத்தன்மை ஏறிய இடங்களில் இரும்பு நீரிற் கரைவது மிக அரிது. வேர் அதனை உறிஞ்ச மாட்டாது. செம்மண்ணில் நின்றே இரும்புக்கு ஏங்கும் பயிரைக் கடல் நடுவே தாகத்தால் வாடுபவனுக்கு ஒப்பிடலாம். இரும்புச் சல்பேற்றை நீரிற் கரைத்து இலைமேல் தெளிப்பது இதன்பொருட்டே. அங்கும் யூரியாவையே சொரிந்தால், பயிர் கொள்ளாத நைதரசன் நைத்திரேற்றாகிச் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளூடே இறங்கி, நாம் குடிக்கும் கிணற்று நீரிற் கலக்கின்றது.