புழுங்கல் அரிசி சொன்ன உண்மை

மாணவர்களே, 'பெரிபெரி' என்ற நோயைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், முற்றினால் இதயம் செயலிழக்கும். நூறு ஆண்டுகளுக்கு முன்பு கிந்தா பள்ளத்தாக்கு போன்ற ஈயச் சுரங்கப் பகுதிகளில் சீனத் தொழிலாளர்கள் பலரை இந்நோய் பலிகொண்டது. ஆனால், தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களிடையே அது அரிதாகவே காணப்பட்டது. ஏன்?

இரு தரப்பினருக்கும் சோறுதான் உணவு. வேறுபாடு அரிசியில் இருந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை உண்டனர். தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இதைக் கவனித்து எழுதினார்.

சோதனை

கவனித்தது சரியா என்று சோதிக்க வேண்டுமல்லவா? கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் இருவரும் சாலைப் பணியிலிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாகப் பிரித்தனர். வெள்ளை அரிசி உண்ட பிரிவில் பெரிபெரி தோன்றியது. புழுங்கல் அரிசிக்கு மாற்றியதும் புதிய நோயாளிகள் வரவில்லை. (மனிதருக்குத் தீங்கு தரக்கூடிய இத்தகைய சோதனைக்கு இன்று அனுமதி கிடைக்காது.)

காரணம்

தவிட்டில் தயமின் எனும் வைட்டமின் பி1 உள்ளது. மாவுச்சத்தை ஆற்றலாக மாற்ற உடலுக்கு அது தேவை. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு தயமினும் போய்விடும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, தயமினின் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குள் சென்றுவிடும். பிறகு தீட்டினாலும் அது தங்கிவிடும்.

இன்று

வயிறு நிறைந்தாலும் சத்துக்குறைவு வரலாம் என்பதே இதன் பாடம். அதனால்தான் சுகாதார அமைச்சு தேசிய சுகாதார ஆய்வை நடத்தி, மக்களின் எடையையும் இரத்தத்தையும் சோதிக்கிறது. 2019ஆம் ஆண்டு ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்தில் ஏறக்குறைய மூவருக்கு இரத்தச்சோகை இருந்தது. அதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று இரும்புச்சத்துக் குறைவு. ஆய்வு இல்லாவிட்டால், அந்தக் களைப்பை வெறும் வேலைக் களைப்பு என்றே எண்ணியிருப்போம்.

செய்து பாருங்கள்

ஒரு வாரம் நீங்கள் உண்பதைக் குறித்து வையுங்கள். கீரை, பயறு, நெத்திலி எத்தனை முறை வந்தன? சாப்பிட்டவுடன் தேநீர் குடிக்கிறீர்களா? அது இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கும். எலுமிச்சையும் கொய்யாவும் அதைக் கூட்டும்.