செயின் நழுவுதா? முதல்ல 'எப்போ'னு கேளுங்க

ஏத்தத்துல சீட்டை விட்டு எழுந்து நின்னு மிதிக்கிறீங்க. 'டக்'னு ஒரு சத்தம். செயின் ஒரு பல்லைத் தாண்டிடுச்சு. அழுத்தின கால் திடீர்னு கீழே போகுது, உடம்பு ஹேண்டில்பார் மேல சாயுது. காலி ரோட்டுல இது ஒரு சின்ன அதிர்ச்சியோட முடிஞ்சிடும். பின்னாடி பஸ் வந்துட்டு இருந்தா அப்படி முடியாது. அதனால செயின் கோளாறை 'அப்புறம் பாத்துக்கலாம்'னு தள்ளிப் போடாதீங்க.

முன்னால 3, பின்னால 7 பல்சக்கரம் இருக்கிற சாதாரண 21 கியர் மவுண்டன் பைக்கையே உதாரணமா எடுத்துக்குவோம்.

செயின் மக்கர் பண்ணா, 'எந்த பார்ட் போச்சு?'ன்னுதான் எல்லாரும் கேப்போம். அதுக்கு முன்னாடி 'எப்போ வருது?'னு கேளுங்க. ஒரே மாதிரி கேக்கிற சத்தத்துக்கு நாலஞ்சு காரணம் இருக்கலாம். அது வர்ற நேரத்தை வெச்சுத்தான் அதைப் பிரிக்க முடியும்.

சத்தம் வர்ற நேரமும் காரணமும்

1. கியர் மாத்தும்போது மட்டும்: கேபிள் இழுவை சரியில்லை. பின்சக்கரம் பக்கத்துல தொங்கிக்கிட்டு, செயினைத் தள்ளி கியர் மாத்துற பாகத்துக்குப் பேர் டீரெய்லர். கேபிள் அதுக்குள்ள நுழையிற இடத்துல கையால திருகுற ஒரு அட்ஜஸ்டர் இருக்கும். செயின் பெரிய சக்கரத்துக்கு ஏற மறுத்தா, பின்னாலிருந்து பார்த்து அதை இடப்பக்கமா கால் சுற்று திருப்புங்க. சின்ன சக்கரத்துக்கு இறங்க மறுத்தா வலப்பக்கமா. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஒரு தடவை கியர் மாத்திப் பாருங்க.

2. கடைசி கியர்ல செயின் கழண்டு விழுது: டீரெய்லர்ல இருக்கிற எச், எல் ரெண்டு ஸ்க்ரூவையும் பாருங்க. எச் ஸ்க்ரூ செயின் வெளிப்பக்கம் போகாம தடுக்கும், எல் ஸ்க்ரூ உள்பக்கம் கம்பிகளுக்குள்ள போகாம தடுக்கும். உள்பக்கம் விழுந்தா அலட்சியமா விடாதீங்க, சக்கரமே பூட்டிக்கும். ஸ்க்ரூவைத் தொடுறதுக்கு முன்னாடி சைக்கிளைப் பின்னாலிருந்து பாருங்க. ஸ்டாண்டுல வலப்பக்கமா சாய்ஞ்சு விழுந்த சைக்கிள்ல, டீரெய்லரைத் தாங்குற ஹேங்கர் வளைஞ்சிருக்கலாம். அப்படின்னா முதல்ல ஹேங்கரை நிமிர்த்தணும்.

3. பெடல் ஒரு சுற்று சுத்தும்போது ஒரு தடவை: கோளாறு முன்பக்கம். வளைஞ்ச பல், லூஸான கிராங்க், பெடல் பேரிங்னு வரிசையா பாருங்க.

4. மூணு நாலு சுற்றுக்கு ஒரு தடவை: ஒரு கண்ணி இறுகியிருக்கு. சின்ன கணக்குதான். செயின்ல 116 கண்ணி, முன்சக்கரத்துல 32 பல்லுன்னா, முழு செயினும் ஒரு தடவை சுத்தி வர 116 ÷ 32, அதாவது சுமார் 3.6 பெடல் சுற்று ஆகும். பெடலை மெதுவா பின்னோக்கிச் சுத்திக்கிட்டே டீரெய்லரோட குட்டிச் சக்கரங்களைப் பாருங்க. இறுகின கண்ணி வரும்போது டீரெய்லர் ஒரு குதி குதிக்கும். அந்த இடத்துல ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கண்ணியைப் பக்கவாட்டுல மெல்ல அசைச்சுக் கொடுத்தா பெரும்பாலும் சரியாயிடும்.

5. அழுத்தி மிதிக்கும்போது மட்டும்: இது தேய்மானம். முதல்ல சொன்ன ஆபத்தான 'டக்' இதுதான்.

செயின் உண்மையிலேயே நீளுதா?

'செயின் நீண்டுடுச்சு'ன்னு கடையில சொல்லுவாங்க. ஆனா ரப்பர் மாதிரி இரும்புத் தகடு இழுபடுறதில்ல. ஒவ்வொரு கண்ணியிலயும் இருக்கிற பின்னும், அது உரசுற உள்பக்கமும் தேயுது. அந்தச் சின்னச் சின்ன இடைவெளிகள் சேர்ந்துதான் மொத்த நீளம் கூடுது.

புது செயின்ல ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை இன்ச், அதாவது 12.7 மி.மீ. 24 கண்ணிக்கு 304.8 மி.மீ. முதல் வருஷ ஒர்க்‌ஷாப்ல வாங்கின ஸ்டீல் ரூல் இருந்தா அதுவே போதும். பின் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு பெடலை லேசா அழுத்தினா மேல்பக்கச் செயின் விறைப்பா நிக்கும். ஒரு பின்னோட நடுவுல பூஜ்யத்தை வெச்சு, 24 கண்ணி தள்ளி இருக்கிற பின்னோட நடுப்பகுதி எங்க விழுதுன்னு பாருங்க.

- 12 இன்ச் கோட்டுல இருந்து 306 மி.மீ. வரை: ஓட்டலாம்.
- 307 மி.மீ. ஆயிட்டா: செயினை மாத்துங்க.
- 308 மி.மீ. தாண்டினா: பின் பல்சக்கரமும் தேய்ஞ்சிருக்க வாய்ப்பு அதிகம்.

304.8-க்கும் 307-க்கும் 2.2 மி.மீ. வித்தியாசம். 24-ஆல வகுத்தா ஒரு கண்ணிக்கு 0.09 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு ஏ4 தாளோட தடிமன். கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க முடியாது, அளந்தாதான் தெரியும்.

இந்த 2 மி.மீ.க்கு ஏன் இவ்வளவு பயம்? கண்ணியோட நீளம் கூடினா ரோலர்கள் பல்லோட அடியில சரியா உக்காராம நுனியை நோக்கி ஏறும். எல்லாப் பல்லும் பகிர வேண்டிய பாரம் ஒன்னு ரெண்டு பல் மேல விழும். நாளாக ஆக அந்தப் பல் சுறா துடுப்பு மாதிரி ஒரு பக்கம் வளையும். அதுக்கப்புறம் புது செயின் போட்டாலும் பழைய சக்கரத்துல பொருந்தாம நழுவும். சரியான நேரத்துல மாத்தினா செயின் செலவோட போகும். விட்டா சக்கரத்துக்கும் சேர்த்து அழணும்.

தேய்மானத்தைத் தள்ளிப் போட

செயினோட எதிரி தூசி. எண்ணெயோட சேர்ந்தா அது உப்புத்தாள் மாதிரி பின்னை அரைக்கும். அதனால அழுக்குச் செயின் மேலயே எண்ணெய் ஊத்தாதீங்க. மண்ணெண்ணெய் நனைச்ச துணியால துடைச்சு, நல்லா காயவிட்டு, ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு செயின் ஆயில் விடுங்க. பெடலைப் பின்னோக்கிச் சில சுற்று சுத்துங்க. பிறகு வெளிப்பக்கத்தைக் காய்ஞ்ச துணியால துடைச்சிடுங்க. எண்ணெய் தேவைப்படுறது உள்ளே, வெளியே ஒட்டினது தூசியைத்தான் இழுக்கும். மழையில ஓட்டினா அன்னைக்கே துடைச்சு எண்ணெய் விடுங்க. செயின் சுத்தும்போது விரலைப் பக்கத்துல கொண்டுபோகவே கூடாது.

புது செயின் வாங்கும்போது '6, 7, 8 ஸ்பீட்' வகையைக் கேளுங்க. பழைய செயின்ல எத்தனை கண்ணின்னு எண்ணிட்டுப் போங்க, பழைய சக்கரத்தையும் ஒரு தடவை பாத்துடுங்க. கடைக்கார அண்ணாகிட்ட 'செயின் சரியில்லண்ணா'ன்னு மட்டும் சொல்லாம, 'அழுத்தி மிதிக்கும்போது நழுவுதுண்ணா, 24 கண்ணி 307 மி.மீ. வருது'ன்னு சொல்லிப் பாருங்க. எதை மாத்தணும்ங்கிற பேச்சு அங்கிருந்தே ஆரம்பிக்கும்.