மத்திமத்தில் கால் ஊன்றாதேயும்

அன்புள்ள தம்பிக்கு,

நீர் அனுப்பிய பதிவை ஹெட்போன் போட்டு முழுதாகக் கேட்டேன். பேசாலைக் கோயில் பாண்டில் ஊதிப் பழகிய சாக்ஸபோன், வடக்கத்தி நடுநிசி ராகமான மால்கௌன்ஸ் பக்கம் திரும்புகிறதென்றால் எனக்குச் சந்தோஷந்தான். "எப்படி இருக்கு, அண்ணை?" என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர். பதிலை ஒரு வரியில் அடக்க எனக்குத் தெரியவில்லை.

முதல் மூன்று நிமிடம் மால்கௌன்ஸ் இருந்தது. ஸட்ஜத்தில் நிதானமாக நின்றீர். மத்திமத்திலிருந்து காந்தாரத்துக்கு வழுக்கி இறங்கினீர். நிஷாதத்தைத் தொட்டுவிட்டுத் தைவதத்தில் ஆறினீர். அதன் பிறகு உம்முடைய கீபோட்காரத் தோழர் இடக்கையை உள்ளே கொண்டுவந்தார். அவர் என்ன செய்தார் என்று கவனித்தீரா? அடியில் மத்திமத்தை அழுத்தி, அதன் மேல் மைனர் கோர்ட் ஒன்றைக் கட்டினார். ம, த, ஸ. மூன்றுமே ராகத்துக்குள் இருக்கிற சுரங்கள்தான், இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் அந்த நொடியில் ராகம் எழும்பிப் போய்விட்டது.

காரணம் கணக்கில் இருக்கிறது. கீழே கனமாக எது ஒலிக்கிறதோ அதையே காது ஸட்ஜமாக எடுத்துக்கொள்ளும். மத்திமத்தை ஸட்ஜமாக வைத்து மால்கௌன்ஸின் ஐந்து சுரங்களையும் எண்ணிப் பாரும்: ஸ க ம ப நி என்று வரும். அது நம் சங்கீதத்தில் சுத்த தன்யாசி, வடக்கே தானி. கிட்டார்காரர் யாரைக் கேட்டாலும், புளூஸுக்கு முதல் பாடமாகப் படித்த மைனர் பென்டடோனிக் என்பார். நீர் மேலே நடு இரவில் நின்று ஊத, உமக்குக் கீழே யாரோ சாயங்கால பாரில் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

பேஸ் கிட்டார் வாசித்தே சோறு தின்றவன் நான். அதனால் எனக்கு மேலே நடப்பதைவிட அடியில் நடப்பதுதான் முதலில் காதில் விழும். தோழர் உம்மோடு வாதாடக்கூடும்: மால்கௌன்ஸில் பஞ்சமம் கிடையாது, தம்புராவின் முதல் தந்தியையே மத்திமத்துக்குத்தானே கூட்டுகிறார்கள் என்று. சரிதான். ஆனால் நடுத் தந்திகள் இரண்டும் ஸட்ஜம், கடைசித் தந்தி மந்திர ஸட்ஜம். மத்திமம் மேலே மிதக்கலாம், எவ்வளவு நேரமும் ஒலிக்கலாம். அதைத் தரையாக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஜாஸையும் வடநாட்டு இரவு ராகங்களையும் கலக்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். "இரண்டிலும் மனோதர்மம் இருக்கிறது, ஆகவே இரண்டும் அண்ணன் தம்பி" என்று பேட்டிகளில் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கையில்லை. ஜாஸில் கற்பனை ஓடுவது தரை நகர்வதால். ராகத்தில் கற்பனை ஓடுவது தரை நகராததால். மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டுத் தட்டு 'கைண்ட் ஆஃப் புளூ'. கோர்ட்டுகளின் நெரிசலை விட்டு வெளியே வந்ததென்று பெயர் வாங்கியது. அதில் 'ஸோ வாட்' என்ற உருப்படியை எடுத்துக்கொள்ளும். சுரங்கள் நம் கரகரப்பிரியாவின் சுரங்கள். முதல் பதினாறு அளவு ஒரே தரையில் நிற்கும். அடுத்த எட்டுக்கு அப்படியே அரைச் சுரம் மேலே ஏறும், கடைசி எட்டுக்குத் திரும்பி இறங்கும். கேட்க எவ்வளவு அழகு! ஆனால் ஒரு கரகரப்பிரியா ஆலாபனையின் நடுவே ஸட்ஜத்தைத் தூக்கி அரைச் சுரம் மேலே வைத்தால் சபையில் கதிரை பறக்கும்.

ஜோன் கோல்ட்ரேனுக்கு இது விளங்கியிருந்தது என்று நினைக்கிறேன். 1961 நவம்பரில் நியூயோர்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் 'இந்தியா' என்ற உருப்படியை வாசித்தபோது அவர் இரண்டு பேஸ்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இருவரும் ஒரே தரையைப் பிடித்துக் காவல் நின்றார்கள். தரைக்கு ஆள் போட்டுவிட்டு மேலே போனார் மனிதர். தன் மகனுக்கு ரவி சங்கரின் பெயரை வைத்தார் என்ற கதையை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையைவிட இந்த இரண்டு பேஸ் முக்கியம்.

லண்டனில் 1966இல், கல்கத்தாவில் பிறந்த ஜோன் மேயரும் ஜமேக்காக்காரரான ஜோ ஹாரியட்டும் 'இந்தோ ஜாஸ் சூட்' வெளியிட்டார்கள். ஐந்து ஜாஸ்காரர், ஐந்து இந்திய வாத்தியக்காரர். முன்னோடி முயற்சி, மரியாதையோடு கேளும். ஆனால் இரண்டு வீட்டாரும் ஒரே பந்தியில் இருந்துகொண்டு தங்கள் தங்கள் இலையைப் பார்த்துச் சாப்பிட்டதுபோல எனக்குப் படும்.

இனி நமக்குக் கிட்ட வருகிறேன். வயலின் வித்துவான் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் சங்கீதம் கற்பித்தவர். அவருடைய பிள்ளைகள் எல். சுப்ரமணியமும் எல். சங்கரும் சிறுவயதில் அங்கேதான் வளர்ந்தார்கள். 1958 கலவரத்தோடு குடும்பம் சென்னைக்குப் போயிற்று. பின்னாளில் சுப்ரமணியம் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு வாசித்தார். அலி அக்பர் கானும் சாக்ஸபோன்காரர் ஜோன் ஹாண்டியும் சேர்ந்த 'ரெயின்போ' தட்டிலும் அவர் இருக்கிறார். சங்கர், ஜோன் மக்லாக்லினோடும் ஜாகிர் உசேனோடும் விக்கு விநாயக்ராமோடும் சேர்ந்து 'சக்தி' குழுவானார். 1975இல் மேடையில் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்த அவர்களின் முதல் தட்டில் மிருதங்கம் ராம்நாட் ராகவன். ராம்நாட், அதாவது ராமநாதபுரம், உமக்கு எவ்வளவு தூரம்? தலைமன்னார்த் துறையில் நின்று பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம். உலகம் 'ஃபியூஷன்' என்று கொண்டாடிய சங்கதியின் பாதி ஆட்கள் இந்தக் கடலின் இரு கரையிலும் நடமாடியவர்கள். மன்னாரிலிருந்து இதையெல்லாம் செய்ய முடியுமா என்று தயங்கி எழுதியிருந்தீரே, அதற்காகச் சொல்கிறேன்.

மக்லாக்லின் அந்தக் குழுவுக்காகச் செய்வித்த கிட்டாரைப் பற்றி வாசித்துப் பாரும். ஃபிரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழியாகக் குடைந்திருந்தார்கள், தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் எடுப்பதற்காக. துவாரத்துக்குக் குறுக்கே சுருதிக்கென்று தனியாக ஏழு தந்திகள். கோர்ட்டுகளில் அத்தனை தேர்ச்சி உள்ளவர், ராகத்திடம் வந்தபோது தன் வாத்தியத்தையே மாற்றித் தரையை அதற்குள் கட்டிக்கொண்டார். ஆனாலும் ஒன்று சொல்லுவேன்: 'சக்தி' எனக்குப் பெரும்பாலும் பகல் வெளிச்சம். வேகம், பாய்ச்சல், கேள்வி பதில், கைதட்டல். இரவு ராகத்துக்கு அந்த வழி உதவாது.

சாக்ஸபோனில் இரவைக் கேட்க வேண்டுமென்றால் யான் கார்பரெக்கிடம் போம். பாகிஸ்தானின் உஸ்தாத் ஃபதே அலி கானோடு அவர் செய்த 'ராகாஸ் அண்ட் சாகாஸ்' 1992இல் வந்தது. உஸ்தாத் பாடும்போது அவர் எவ்வளவு நேரம் ஊதாமல் இருக்கிறார் என்று பாரும். கத்ரி கோபால்நாத்தையும் கேளும். மைசூர் அரண்மனை பாண்டில் சாக்ஸபோனைக் கண்டு ஆசைப்பட்டவர் அவர். பாண்டில் தொடங்கிய உமக்கு அவர் அந்நியரல்ல. வாத்தியத்தின் சாவிகளையே கமகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். மூச்சுக்குப் பன்னாலால் கோஷ். மந்திர ஸ்தாயிக்காக 32 அங்குல நீளப் புல்லாங்குழலைக் கொண்டுவந்தவர். அவருடைய தர்பாரி பதிவு ஒன்று போதும், ஒரு வருஷத்துக்கு.

தர்பாரி என்றதும் நினைவு வருகிறது. அடுத்ததாகத் தர்பாரி செய்யப் போவதாக எழுதியிருந்தீர். இப்போது வேண்டாம். அந்தக் காந்தாரமும் தைவதமும் மெல்ல ஆடிக்கொண்டே இருக்க வேண்டியவை. கீபோட்டின் கட்டை அதை அப்படியே நிறுத்திக் கொன்றுவிடும். பிட்ச் வீலைச் சுழற்றி ஆட்டினாலோ பல்வலிக்காரன் முனகல்போல இருக்கும். உம் உதடு அந்த ஆட்டத்துக்குப் பழகட்டும், தோழருக்கு அதில் வேலையில்லை என்று அவரும் ஒத்துக்கொள்ளட்டும், பிறகு பார்ப்போம்.

நேரத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்: மால்கௌன்ஸைப் பகலில் வாசித்தால் என்ன? ஒன்றும் ஆகாது, கூரை இடியாது. வடக்கே ஒரு நாளை மூன்று மணி வீதம் எட்டு ஜாமமாகப் பிரித்து, பிஹாகுக்கு ஒன்று, நடுநிசிக்கு மால்கௌன்ஸும் தர்பாரியும், விடியலுக்கு முன் சோஹினி என்று வகுத்திருக்கிறார்கள். இன்றைக்கு இந்தியாவில் இரவு பத்துக்குப் பிறகு திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம் இருப்பதால், நடுநிசி ராகங்களை அங்கேயே பலர் எட்டரை மணிக்குப் பாடி முடித்துவிடுகிறார்கள். நீர் அப்படிப் பழக வேண்டாம். நேரம் ஒரு சாஸ்திரக் கட்டுப்பாடு என்பதற்காகச் சொல்லவில்லை. இரவு ஒரு மணிக்கு உம்முடைய மூச்சே வேறு, அவசரம் குறைந்திருக்கும். அது பதிவில் கேட்கும்.

இது வடக்கத்திச் சங்கதி, நமக்கு ஒட்டாது என்று எவரும் சொன்னால் நம்பாதேயும். தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று நம்மவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள். சீகாமரம், கொல்லி, மேகராகக்குறிஞ்சி எல்லாம் இராப்பண்கள். மேகராகக்குறிஞ்சியை இன்று ஓதுவார்கள் நீலாம்பரியில் பாடுகிறார்கள், நாம் பிள்ளையைத் தாலாட்டுகிற அதே ராகம். உம் ஊருக்குக் கிட்ட இருக்கிற திருக்கேதீச்சரத்துக்குச் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பதிகங்கள் நட்டராகத்திலும் நட்டபாடையிலும் அமைந்தவை. இரண்டுமே பகற்பண். போய் ஓர் ஓதுவாரிடம் இருந்து கேளும். பகற்பண் எப்படி நிமிர்ந்து நடக்கிறது, இராப்பண் எப்படிச் சாய்ந்து நடக்கிறது என்று காதுக்குப் பிடிபட்டால், மால்கௌன்ஸுக்கு அது நேரடியாக உதவும்.

இரவு முழுக்கப் பாடுகிறவர்கள் உம் வீட்டுப் பக்கமே இருக்கிறார்கள் என்பதை நீர் எப்படி மறந்தீர்? மன்னாரில் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு பாங்கில் கூத்து விடிய விடிய நடக்கும். ஆடுகிறவர் ஒரு வரியைப் பாடுகிறார், பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுகிறார்கள். அந்த நேரத்தில் ஆடுகிறவருக்கு மூச்சும் கிடைக்கிறது, அடுத்ததை யோசிக்க இடமும் கிடைக்கிறது. கீபோட்காரருக்குக் கொடுக்க வேண்டிய வேலை இதுதான். அவர் உமக்குக் கீழே கோர்ட் விரிக்க வேண்டாம், உமக்குப் பின்னால் வரட்டும். நீர் ஒரு பிடியை ஊதி நிறுத்தும்போது அதன் வாலை மட்டும் வலக்கையால் வாங்கிச் சொல்லட்டும். சில நேரம் பிந்திச் சொல்லட்டும், சில நேரம் அரைகுறையாகச் சொல்லட்டும், சில நேரம் சும்மா இருக்கட்டும். அந்தப் பிந்துதலும் விட்டுக்கொடுத்தலுந்தான் ஜாஸ். ஜாஸிடமிருந்து நீங்கள் காலத்தையும் சம்பாஷணையையும் எடுத்துக்கொள்ளுங்கள், கோர்ட்டை அங்கேயே விட்டுவிடுங்கள். சுரம் ராகத்தின் சொத்து.

தவக்காலத்தில் பசாம், அதாவது யேசுவின் பாடுகளை, பாடுகிற பெரியவர்கள் பக்கத்திலும் போய் இரும். பெரும்பாலும் வாத்தியமில்லாமல், நீட்டி நீட்டி, துக்கத்தைச் சுருதியில் பிடித்து வைத்திருப்பார்கள். ஒரு சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடசாலை இந்தத் தீவில் இல்லை. ஆனால் அந்த மெட்டையோ கூத்து மத்தளத்தையோ தூக்கி வந்து "மண்வாசனை"க்காக உம் பதிவில் ஒட்டாதேயும். அது தபேலாவை இந்திய வாசனைக்குத் தூவுகிற வெள்ளைக்காரன் வேலை.

குருவைப் பற்றி. இலங்கையில் ஒரு விசித்திரம் உண்டு. தமிழ்ப் பிள்ளை சங்கீதம் படித்தால் கர்நாடகம், வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை. சிங்களப் பிள்ளை படித்தால் ஹிந்துஸ்தானி. சிங்களப் பாடகர் அமரதேவா லக்னோவின் பாத்கண்டே கல்லூரிக்குப் போய்ப் படித்து வந்தவர். 1950களின் தொடக்கத்தில் இலங்கை வானொலிக் கலைஞர்களைத் தரம்பிரிக்க அங்கிருந்துதான் பண்டிதர் ரத்தஞ்சங்கர் அழைக்கப்பட்டார். ஆகவே இரவு ராகங்களை நேரே உட்கார்ந்து படிக்க வேண்டுமென்றால் கொழும்புக்குப் போய்ச் சிங்கள ஆசிரியர் ஒருவரிடம் படிக்க வேண்டி வரும். போம். மொழி பாதியாக இருந்தாலும் ஸரிகம முழுதாக விளங்கும். யூடியூப் சுரத்தைச் சொல்லித் தரும், உம் காந்தாரம் உயர்ந்துவிட்டது என்று அது திருத்தாது. மால்கௌன்ஸில் ஒரு மெதுவான பந்திஷ், ஒரு துரித பந்திஷ், இரண்டையும் வாயால் பாடிப் பழகிய பிறகு சாக்ஸபோனைத் தொடும்.

பெயர் விஷயத்திலும் நேர்மையாக இரும். வாசிக்கும்போது தரை மாறி அது புளூஸாகிவிட்டால், அந்தப் புளூஸ் நன்றாகவும் இருந்தால், தலைப்பில் மால்கௌன்ஸ் என்று போடாதேயும். வேறு பெயர் வையும். புளூஸ் ஒன்றும் கேவலமில்லை.

அடுத்த பதிவுக்கு இப்படிச் செய்யும். போன் தம்புராவை ம-ஸ-ஸ-ஸ என்று வையும். தோழர் இடக்கையால் மந்திர ஸட்ஜத்தை மட்டும், அதையும் அபூர்வமாகத் தொடட்டும். முதல் பத்து நிமிடத்துக்கு உமக்கு ஸ, க, ம மூன்று சுரந்தான். தைவதம் வேண்டுமென்று உயிர் துடிக்கும், கொடுக்காதேயும். டிரம்ஸ் பொடியனை அரை மணி கழித்துக் கூப்பிடும், குச்சியை வைத்துவிட்டு பிரஷ்ஷோடு வரச் சொல்லும். கலந்து முடித்ததை அனுப்ப வேண்டாம், போனில் பிடித்ததே போதும். அந்த எக்கோவையும் எடுத்துவிடும், போன தடவை உம் நிஷாதம் எங்கே முடிகிறதென்றே தெரியவில்லை.

அன்புடன்,
அண்ணை