காட்டுப் பிள்ளை காட்டுக்கே

அசாம் மாநிலத்தில் பிரம்மபுத்திரா ஆறு ஓடுகிறது. அதன் கரையில் காசிரங்கா காடு இருக்கிறது. ஆள் உயரத்துக்கும் மேலே புல் வளரும் காடு. ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகங்கள் உலகிலேயே இங்குதான் அதிகம்.

மழைக்காலத்தில் ஆறு பெருகும். காட்டுக்குள் வெள்ளம் புகும். விலங்குகள் மேட்டைத் தேடி ஓடும். பெரிய விலங்குகள் நீந்திக் கரை சேரும். குட்டிகள் என்ன செய்யும்? சில குட்டிகளை வெள்ளம் இழுத்துச் செல்லும். தாயும் குட்டியும் பிரிந்துவிடும்.

ஊர் ஓரம் ஒதுங்கிய குட்டியைப் பார்த்தால் மக்கள் வனத்துறைக்குச் சொல்கிறார்கள். வனத்துறையினர் வந்து மீட்கிறார்கள். தாய் கிடைத்தால் குட்டியை அதனிடமே சேர்க்கிறார்கள். கிடைக்காவிட்டால் காப்பகத்துக்குக் கொண்டு போகிறார்கள். காசிரங்கா அருகே 2002இல் தொடங்கிய காப்பகம் அது.

அங்கே புட்டியில் பால் கொடுக்கிறார்கள். எந்தப் பாலும் ஆகாது. காண்டாமிருகப் பாலில் கொழுப்பு மிகவும் குறைவு. கொழுப்பு மிகுந்த பால் கொடுத்தால் குட்டிக்கு வயிறு கெடும். அதனால் அளந்து, கலந்து கொடுக்கிறார்கள்.

குட்டி, பால் தருபவர் பின்னாலேயே ஓடும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் கொஞ்சி விளையாடக் கூடாது. ஏன்? மனிதரைக் கண்டு ஓடாத விலங்கு, துப்பாக்கியோடு வரும் திருடனைக் கண்டும் ஓடாது. காட்டில் அச்சமே அதற்குக் காவல்.

ஆகவே ஒன்றிரண்டு பேர் மட்டுமே பால் கொடுக்கிறார்கள். குட்டி மற்றக் குட்டிகளோடு வளர்கிறது. புல் மேயப் பழகுகிறது. பிறகு பாலை நிறுத்துகிறார்கள். ஆட்கள் விலகிக்கொள்கிறார்கள்.

அசாமிலேயே மானஸ் என்று மற்றொரு காடு உண்டு. அங்கிருந்த காண்டாமிருகங்களைக் கொம்புக்காகக் கொன்று தீர்த்துவிட்டார்கள். காப்பகத்தில் வளர்ந்த ஒரு குட்டியை 2006இல் மானசுக்குக் கொண்டு போனார்கள். பின்னர் மேலும் சில போயின. முதலில் வேலி போட்ட காட்டுப் பகுதியில் விட்டார்கள். இடம் பழகியதும் வேலியைத் திறந்தார்கள். அப்படிப் போன ஒரு பெண் காண்டாமிருகம் 2013இல் குட்டி ஈன்றது. புட்டிப்பால் குடித்து வளர்ந்தது, தன் குட்டிக்குத் தாய்ப்பால் தந்தது!

வளர்ப்பது ஒரு வேலை. விட்டுப் பிரிவது அதைவிடப் பெரிய வேலை.

எல்லாக் குட்டிகளும் அநாதை அல்ல. மான் தன் குட்டியைப் புதரில் மறைத்துவிட்டு மேயப் போகும். மகாராஷ்டிர மாநிலத்தில் ஜுன்னர் பக்கம் சிறுத்தைகள் கரும்புத் தோட்டத்தில் குட்டி போடும். கரும்பு வெட்டும்போது குட்டிகள் கண்ணில் படும். அவற்றைக் கண்ட இடத்திலேயே மாலையில் வைத்துவிட்டு எல்லோரும் விலகினால், இரவில் தாய் வந்து தூக்கிச் செல்லும்.

காட்டு விலங்கின் குட்டியைக் கண்டால்:

- கையால் தொடாதீர்கள்.
- கூட்டம் சேர விடாதீர்கள். நாயைக் கட்டி வையுங்கள்.
- பால் ஊற்றாதீர்கள்.
- வனத்துறைக்கு உடனே சொல்லுங்கள்.
- வீட்டில் வளர்க்காதீர்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

விடை சொல்லுங்கள்

1. குட்டிகள் தாயைப் பிரிவது எப்படி?
2. குட்டியை ஏன் கொஞ்சக் கூடாது?
3. கரும்புத் தோட்டத்தில் கண்ட குட்டியை என்ன செய்ய வேண்டும்?

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் யாராவது காட்டு விலங்கின் குட்டியை எடுத்து வளர்த்தார்களா? பிறகு அது என்ன ஆயிற்று?