சங்கை விடுங்கள், உறுமிக்கு வாருங்கள்

'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று எடுத்ததற்கெல்லாம் சொல்லிவிடுகிறோம். வீண் வேலை என்பதுதான் சொல்ல வந்த பொருள். ஆனால் அதற்கடியில், காது போனால் இசையும் போயிற்று என்ற நம்பிக்கையும் குந்தியிருக்கிறது. சுங்கைப்பட்டாணித் தைப்பூசத்தில் உறுமி மேளத்துக்கு முன்னாலோ, பாடாங் செராய்ப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் டிஜே வைத்த பெரிய ஸ்பீக்கர் அருகிலோ காது கேளாத பையன் ஒருவன் தாளம் தப்பாமல் ஆடினால், 'பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து ஆடுகிறான், அவனுக்கு என்ன கேட்கிறது' என்று பேச்சை முடித்துவிடுவார்கள். லண்டனில் 2003 முதல் 'டெஃப் ரேவ்' என்ற பெயரில் காது கேளாதவர்களே தங்களுக்காக நடன இரவுகள் நடத்துகிறார்கள். அங்கே பாட்டுப் போடும் டிஜேக்களிலும் காது கேளாதவர்கள் உண்டு. இவர்கள் எல்லாரும் யாரைப் பார்த்து ஆடுகிறார்கள்? பழமொழி பிழைபட்டது காதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டதால்தான். சங்கு ஊதியவர், கேட்பவருடைய மார்பையும் பாதத்தையும் எண்ணிப்பார்க்கவில்லை.

காது கேளாதவர் என்றாலே முழு நிசப்தத்தில் வாழ்பவர் என்று நினைக்கிறோம். அப்படிப்பட்டவர்கள் சிலரே. பெரும்பாலோருக்குச் செவித்திறன் ஓரளவு எஞ்சியிருக்கும். உள்காது பழுதாகும்போது அநேகமாக உயர்ந்த ஒலிகள் முதலில் மறைகின்றன, தாழ்ந்தவை பிந்தித்தான் போகின்றன. அதனால் பேச்சில் 'ச' எழுத்தைப் பிடிக்க முடியாத ஒருவருக்குத் தவிலின் தொப்பி முழக்கம் காதிலேயே விழக்கூடும். காதில் விழாதவருக்குத் தோல் இருக்கிறது. தோலுக்கடியில் உள்ள பசினியன் என்னும் உணர்முனைகள் நொடிக்குச் சில பத்து அதிர்வுகளிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் வரை உணரும். இருநூறு, முந்நூறு வாக்கில் அவை மிகக் கூர்மையாக இருக்கும். நல்ல காதோ 20 முதல் 20,000 வரை போகும். ஆக, தோலுக்குக் கிடைப்பது இசையின் அடித்தளம்: மத்தளம், பேஸ் கிட்டார், மின்னிசையின் 'தும் தும்'. புல்லாங்குழலின் உச்சி அதற்கு எட்டாது.

'அது வெறும் அதிர்வு, இசை ஆகுமா?' என்பார்கள். நியாயமான கேள்விதான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டீன் ஷிபாட்டா 2001இல் காது கேளாத மாணவர் 10 பேரையும் கேட்கும் திறனுள்ள 11 பேரையும் வைத்து, கையில் அதிர்வு கொடுத்து மூளையைப் படம் எடுத்தார். காது கேளாதவர்களிடம், ஒலிக்கென்று மூளை வைத்திருக்கும் பகுதியே அந்த அதிர்வுக்கு விழித்துக்கொண்டது. மற்றவர்களிடம் அப்படி நேரவில்லை. நம்மிடமும் உடம்பு சும்மா இருப்பதில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு ஒரு மின்னிசைக் கச்சேரியில், காதுக்குப் புலப்படாத அளவு தாழ்ந்த பேஸ் ஒலியை விட்டுவிட்டுப் போட்டுப் பார்த்து, முடிவை 2022இல் வெளியிட்டது. அது ஒலித்த நேரங்களில் கூட்டம் சராசரியாக 11.8 விழுக்காடு கூடுதலாக அசைந்தது. அப்படி ஒன்று ஒலிக்கிறது என்பதே ஆடியவர்களுக்குத் தெரியவில்லை. காது கேட்பவனே காதுக்குத் தெரியாமல் ஆடுகிறான் என்றால், காது கேளாதவனின் ஆட்டத்தை மட்டும் போலி என்பது எந்த நியாயம்?

கெடாத் தோட்டங்களிலிருந்து பட்டணத்துத் தாமான்களுக்கு நம்மோடு குடிபெயர்ந்த உறுமி மேளம் இந்த வகையில் எந்த நடன கிளப்புக்கும் குறைந்ததில்லை. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். குச்சி தோலில் ஒட்டுவதும் வழுக்குவதுமாக மாறி மாறி நடப்பதால்தான் அந்த முனகல் எழுகிறது. கிளப்பில் டிஜே இருட்டுக்குள் இருப்பார். இங்கே மேளக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார்; குச்சி ஓங்குவது தெரிகிறது, அடி விழப்போவது கண்ணுக்கு முன்கூட்டியே கிடைக்கிறது. 2005 சீனப் புத்தாண்டுத் தொலைக்காட்சி விழாவில் 'ஆயிரங்கை குவான்யின்' நடனத்தை 21 காது கேளாத கலைஞர்கள் இம்மி பிசகாமல் ஆடியபோது, மேடை மூலைகளில் சைகை ஆசிரியர்கள் நின்று தாளம் காட்டினார்கள். ஆகவே 'பார்த்து ஆடுகிறான்' என்பதில் குறை ஒன்றுமில்லை. கோலாட்டம் ஆடுகிற எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். தரை மட்டும் ஒத்துழைப்பதில்லை. தார்ச்சாலையும் மண்டபத்துக் கான்கிரீட்டும் அதிர்வை விழுங்கிவிடும். அங்கே மார்பும் வயிறும்தான் வேலை செய்ய வேண்டும். பழைய பலகை வீடுகளின் தரை இன்னும் நன்றாகப் பேசியிருக்கும். பன்னிரண்டு வயதுக்குள் செவித்திறனை ஏறக்குறைய முழுதும் இழந்த ஸ்காட்லாந்து தாளக் கலைஞர் எவலின் கிளென்னி, மேடையில் செருப்பில்லாமல் நின்று வாசிப்பது சும்மா பாணிக்காக அல்ல.

இனி எதிர்ப்பக்கத்துப் பொய். 'உடம்பாலேயே முழு இசையையும் கேட்டுவிடுகிறார்கள்' என்று உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியில்லை. அடுத்தடுத்த சுரங்களைப் பிரித்தறிவதில் தோல் மந்தம். ராகம் அதற்குப் பிடிபடாது, பாட்டு வரி அறவே வராது. காக்ளியர் இம்பிளாண்ட் என்னும் மின்கருவியை உள்காதில் பொருத்தினாலும் உள்காதின் சுமார் 3,500 செல்கள் செய்யும் வேலையை அதிகம் போனால் இருபது சொச்சம் மின்முனைகள் செய்ய வேண்டியிருக்கிறது. தாளம் தேறும், மெட்டு தடுமாறும். வரியைச் சைகையில்தான் தர வேண்டும். இங்கேதான் நம் வீடுகளின் சிக்கல். பினாங்கில் 1954இல் தொடங்கிய கூட்டரசுக் காது கேளாதோர் பள்ளி முதற்கொண்டு, மலேசியாவில் காது கேளாத பிள்ளைகளின் கல்வியும் சைகையும் தமிழுக்கு வெளியேதான் வளர்ந்தன. மாற்றுத் திறனாளிகள் சட்டம் 2008 ஏற்றுக்கொண்டது மலேசியச் சைகை மொழியை. அதை வீட்டார் கற்காதபோது, மாரியம்மன் தாலாட்டு என்ன சொல்கிறது என்று பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. மேளம் வந்து சேர்கிறது, பாட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறது. எல்லாருக்கும் இது பிடிக்கும் என்பதும் இல்லை. இசை கேட்பவர்களின் ஆசை, அதை ஏன் எங்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்று கேட்கும் காது கேளாதவர்களும் உண்டு. அவர்களை ஸ்பீக்கர் முன்னால் இழுத்துக்கொண்டுபோய் நிறுத்துவது அன்பாகாது.

'கேட்காத காதுக்குச் சத்தத்தால் என்ன கேடு?' என்பது இன்னொரு தவறான எண்ணம். எஞ்சியிருக்கும் செவித்திறனை அதுதான் தின்னும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம்வரை தாங்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான். கேளிக்கை அரங்குகளுக்கு அது 2022இல் வகுத்த உச்சவரம்பு சராசரி 100 டெசிபல். அதிர்வு வேண்டுமென்றால் ஒலியை ஏற்ற வேண்டியதில்லை. தாழ்ந்த ஒலிப்பெட்டியைப் பலகை மேடையோடு சேர்த்து வைத்தாலே பாதத்துக்குப் போய்ச் சேரும். வேடிக்கை என்னவென்றால், ஊர்வலத்தில் காதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியவர் ஓரத்தில் நின்று நெஞ்சில் கை வைத்துத் தாளம் பிடிக்கும் அந்தக் காது கேளாத பையன் அல்ல. காதடைப்பான் இல்லாமல் விடியவிடியத் தோளில் உறுமியைச் சுமந்து அடிக்கும் மேளக்காரப் பிள்ளைகள்தான்.