கைமாறிய நாளுக்குப் பிறகு

2005-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 7,900 சீனக் குழந்தைகள் தத்து விசாவில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரு வயதை ஒட்டிய பெண் குழந்தைகள். நடைமுறை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மாகாணத் தலைநகரில் ஓர் அரசு அலுவலகக் கூடம், சில சமயம் ஹோட்டல் வராந்தா. காப்பகத்து ஆயா குழந்தையைக் கொண்டுவந்து கையில் கொடுப்பார். கையெழுத்துகள் முடிந்ததும் குவாங்சோ நகருக்குப் பயணம்; அங்கே மருத்துவப் பரிசோதனை, அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா. நடுவே வொயிட் ஸ்வான் ஹோட்டலின் சிவப்பு சோபாவில் குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்து ஒரு குரூப் போட்டோ. அங்கே தங்கிய தத்துப் பெற்றோருக்கென்றே மேட்டல் நிறுவனம் ஒரு பார்பி பொம்மை செய்து கொடுத்தது: பொன்னிறக் கூந்தல் பார்பி, கையில் சீனக் குழந்தை.

பொம்மைக் குழந்தை சிரித்தது. நிஜக் குழந்தைகளில் பலர் தொண்டை கட்டும்வரை அலறினார்கள்.

அலறத்தான் செய்வார்கள். பெற்றோருக்கு அது பல வருடக் காத்திருப்பு முடிந்த நாள். குழந்தைக்கோ தெரிந்த முகம், தெரிந்த குரல், தெரிந்த வாசனை எல்லாம் ஒரே மணி நேரத்தில் காணாமல் போன நாள். ஆயாக்களை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத் தாடி வைத்த ஆண்முகமே புதிது.

அந்த வழி இப்போது மூடிவிட்டது. 1992 முதல் 1,60,000-க்கும் அதிகமான குழந்தைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பிய சீனா, நெருங்கிய உறவினர் தத்தெடுப்பதைத் தவிர மற்றதை நிறுத்திவிட்டதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. ஆனால் அந்தப் பெற்றோர் பட்டுத் தெரிந்துகொண்டவை வீணாகவில்லை. இந்தியாவிலிருந்தும் மத்திய தத்து வள ஆணையத்தின் வழியாக ஆண்டுக்குச் சில நூறு குழந்தைகள் வெளிநாட்டு வீடுகளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சீனாவிலிருந்து தத்தெடுத்த பெற்றோர் முதலில் சொல்வது, அழுகிற குழந்தையைக் கண்டு பயப்பட வேண்டாம் என்பதுதான். யாரையோ தேடி அழுகிறது என்றால், தேடுவதற்கு அதற்கு ஒருவர் இருந்திருக்கிறார். பாசம் வைக்கப் பழகிய பிள்ளை. கவனிக்க வேண்டியது அழாத குழந்தையை. யார் தூக்கினாலும் போகும், வைத்த இடத்தில் இருக்கும், விமானத்தில் பதின்மூன்று மணி நேரமும் முனகாது. "ரொம்ப சமத்து" என்று அக்கம்பக்கம் மெச்சும். அந்த அமைதி பல சமயம் உறைந்துபோனதன் அடையாளம். வீட்டுக்கு வந்து சில வாரங்கள் கழித்து அந்தப் பிள்ளை முதல்முறையாக ஓவென்று அழும்போது, விவரம் தெரிந்த பெற்றோர் உள்ளூரச் சந்தோஷப்படுகிறார்கள்.

அடுத்தது, கூட்டத்தைத் தள்ளி வைப்பது. விமான நிலையத்தில் பலூனோடு நிற்கும் தாத்தா பாட்டிக்கு இது கசக்கும். முதல் சில வாரங்கள், முடிந்தால் சில மாதங்கள், ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, விழுந்தால் தூக்குவது எல்லாம் பெற்றோர் இருவர் மட்டுமே. பாட்டி சமைத்துத் தரலாம், துணி துவைத்துத் தரலாம். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவது பிறகு. பாட்டி கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும். ருமேனியக் காப்பகங்களிலிருந்து தத்துப்போன குழந்தைகளைக் கனடாவிலும் பிரிட்டனிலும் ஆராய்ந்தவர்கள் கண்ட விஷயம் இது: முன்பின் தெரியாதவரோடும் தயங்காமல் கிளம்பிப்போகும் பழக்கம் அவர்களில் பலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் நீடித்தது. பலர் மாறி மாறிப் பார்த்துக்கொண்ட பிள்ளைக்கு, 'என் ஆள்' என்று ஒருவரைப் பிடித்துக்கொள்ளும் பழக்கமே புதிதாக வர வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் அவர்களிடம் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து ஆசையாக வாங்கிக்கொண்டுபோன பால்புட்டியைக் குழந்தை உதறித் தள்ளும். முதல் இரவே பெற்றோருக்குக் கலக்கம் வந்துவிடும். காரணம் சின்னதுதான். பல காப்பகங்களில் புட்டிக் காம்பின் ஓட்டையைப் பெரிதாக வெட்டியிருப்பார்கள். பால் நல்ல சூட்டில், அரிசி மாவு கலந்து கெட்டியாக இருக்கும். ஒரு ஆயாவுக்குப் பல பிள்ளைகள். சீக்கிரம் குடித்து முடித்தாக வேண்டும். முன்னால் போய்வந்தவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் கத்தரிக்கோலால் காம்பைக் கொஞ்சம் வெட்டி, மாவு கலந்து, பாலைச் சற்றுச் சூடாகவே கொடுத்தார்கள். குழந்தை மடமடவென்று குடித்தது.

பிறகு நேர் எதிரான தொல்லை வரும். வயிறு முட்டினாலும் தட்டை விடாது. தட்டை எடுத்தால் அலறல். தூங்கும்போதும் உள்ளங்கையில் நசுங்கிய பிஸ்கட் இருக்கும். கன்னத்தில் அடக்கிய சோறு இருக்கும். படுக்கையில் விடும் முன் வாயை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. "போதும்" என்று கட்டுப்படுத்தினால் பயம்தான் ஏறும். அடுத்த வேளை உணவு கிடைக்குமா என்பது அந்தப் பிள்ளைக்கு நிஜமான கேள்வி. ஆகவே அதற்கு எட்டும் உயரத்தில் ஒரு கிண்ணம் வைக்கிறார்கள். அதில் வாழைப்பழத் துண்டு, ரொட்டி. காலியானால் உடனே நிரப்புகிறார்கள். வெளியே போனாலும் பையில் அதே டப்பா. சில மாதங்களில், காலையில் வைத்தது சாயங்காலம்வரை அப்படியே இருக்கும் நாள் வரும்.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் புட்டியா என்று உறவினர் கேட்பார்கள். பல் டாக்டரும் முகம் சுளிப்பார். இருந்தாலும் மடியில் கிடத்தி, புட்டியைப் பெற்றோரே பிடித்து, கண்ணைப் பார்த்துக்கொண்டே கொடுக்கச் சொல்கிறார்கள் அனுபவப்பட்டவர்கள். இதில் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. துணிச்சுருளில் சாய்த்துவைத்த புட்டியில் குடித்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பார்வை பாக்கி இருக்கிறது.

அம்மாவோ அப்பாவோ, ஒருவரை மட்டும் ஒட்டிக்கொண்டு மற்றவரைக் கண்டாலே அலறுவதும் சகஜம். ஒதுக்கப்பட்டவர் துரத்திப்போய்க் கொஞ்சக் கூடாது. அதே அறையில் தரையில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்க்கலாம்; பிடித்த தின்பண்டம் அவர் கையிலிருந்து மட்டும் கிடைக்கும்படி செய்யலாம்.

தூக்கத்தில் அமெரிக்கப் பெற்றோர் தடுமாறியது பொம்மைகள் நிறைந்த தனி அறையால். வரிசைக் கட்டிலில், பக்கத்தில் இன்னொரு குழந்தையின் மூச்சுச் சத்தம் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அந்த அறை பயங்கரம். அம்மா பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கும் நம் வீடுகளில் இந்தச் சிக்கலே வந்திருக்காது. அழவிட்டுத் தூங்கப் பழக்கும் முறை இந்தக் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

மருத்துவத்தில் சுருக்கமாக: காசநோய், ஹெபடைட்டிஸ் பி, குடல் ஒட்டுண்ணிகள், ரத்தத்தில் ஈயம் ஆகியவற்றுக்குப் புதிதாகப் பரிசோதனை, தடுப்பூசி அட்டையை மட்டும் நம்பாமல் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்றும் பார்ப்பது. உயரம் குறைவாக இருந்தால் கலங்க வேண்டாம். காப்பகத்தில் கழித்த ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் சுமார் ஒரு மாத வளர்ச்சி பின்தங்கும் என்பது மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவர் டானா ஜான்சன் குழுவினர் கண்ட கணக்கு. வீட்டுக்கு வந்தபின் பெரும்பாலான பிள்ளைகள் விறுவிறுவென்று வளர்ந்துவிடுகிறார்கள்.

பேச்சு வேறு விதம். வந்த சில மாதங்களில் பழைய மொழி வாயிலிருந்து போய்விடும், புதியது வந்திருக்காது. அந்த இடைவெளிக்குப் பசி, வலி, இன்னும், போதும் என்று சில சீனச் சொற்களும் கைச்சைகைகளும் உதவின. ஆனால் பழைய மொழி முழுதும் அழிகிறதா? கொரியாவிலிருந்து பிரான்ஸ் போய் வளர்ந்தவர்களின் மூளையை 2003-இல் ஆராய்ந்த கிறிஸ்டோஃப் பாலியே குழு, கொரிய மொழியின் சுவடே இல்லை என்றது. 2014-இல் மான்ட்ரியலில், ஒரு வயதை ஒட்டித் தத்துவந்து பிரெஞ்சு மட்டுமே பேசும் சீனப் பெண்பிள்ளைகளுக்குச் சீனத் தொனிகளை ஒலிக்கவிட்டார்கள். அவர்கள் மூளை, சீனம் பேசுபவர்களின் மூளையைப் போலவே அதைக் கேட்டது.

கடைசியாகக் காகிதங்கள். விவரமான பெற்றோர் தத்துக்கு முன்பே காப்பகத்துக்கு ஒரு டிஸ்போசபிள் கேமரா அனுப்பி, கட்டிலையும் ஆயாவையும் கூடப் படுத்த பிள்ளைகளையும் படமெடுத்துத் தரச் சொன்னார்கள். வந்தபோது போட்டிருந்த உடுப்பு, குழந்தை கிடைத்ததாக உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த விளம்பரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தினார்கள். ஏனென்றால் அரசுக் காகிதம் சொல்வதெல்லாம் உண்மை என்று நம்ப முடியாது. ஹூனான் மாகாணத்தில் சில காப்பகங்கள் குழந்தைகளை விலைக்கு வாங்கித் தத்துக்குக் கொடுத்தது 2005-இல் வெளியே வந்தது. 1980-களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பலரின் ஆவணங்களில் பெற்றவளின் பெயரே பொய்.

ஆகவே "உன் மேல் இருந்த பாசத்தால்தான் அம்மா கொடுத்தாள்" என்ற கதையை இப்போது தத்துப் பெற்றோர் பலர் தவிர்க்கிறார்கள். அது உண்மையா என்று அவர்களுக்கே தெரியாது. பாசம் வைத்தவர்கள் விட்டுவிடுவார்கள் என்றும் பிள்ளை புரிந்துகொள்ளும். பிள்ளைக்குப் புரியும் முன்பே, மூன்று வயதிலிருந்தே, தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்கிறார்கள்: இந்த ஊர், இந்த மாதம், இந்த வாசலில் நீ கிடைத்தாய். மற்றதைக் கேட்டால், தெரியாது, பெரியவளானதும் தேடலாம் என்கிறார்கள். பலர் தேடவும் செய்தார்கள். டி.என்.ஏ. சோதனைக்கு உமிழ்நீர் கொடுத்து, சீனாவில் பெற்றோரையும், வேறு வீட்டில் வளர்ந்த இரட்டைச் சகோதரியையும் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள்.